இரண்டாவது மதிப்பீட்டாளர்

அவளுக்குக் கதைக்காரி என்று பெயர் வைத்தது புள்ளி. புள்ளிக்குப் புள்ளி என்று பெயர் வைத்தது கதைக்காரி. இரண்டுமே சண்டையில் பிறந்த பெயர்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் புழங்கியதில் திட்டு தேய்ந்து செல்லமாகிவிட்டது.

கதைக்காரி பல்கலைக்கழகத்தில் பாலியல் ஆய்வுகள் துறையின் பேராசிரியை. துறை என்று சொன்னால் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. சட்டத் துறைக்கும் தாவரவியலுக்கும் நடுவே, முன்பு பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த ஒரு நீள அறை. அதில் சட்டம் படித்தவர் ஒருவர், மருத்துவர் ஒருவர், வரலாற்றுக்காரர் ஒருவர், இலக்கியக்காரர்கள் இரண்டு பேர். பல துறைகள் கைகோத்து ஆராய்வதுதான் நோக்கம். நடைமுறையில், ஒரே அச்சு இயந்திரத்துக்கு ஐந்து பேரும் அடித்துக்கொண்டார்கள். மருத்துவர் 'உடல்' என்று சொன்னால் இலக்கியக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இலக்கியக்காரர்கள் 'பிரதி' என்றால் சட்டக்காரருக்குக் கொட்டாவி வரும். இருந்தாலும் மத்தியானம் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள்.

கதைக்காரியின் வேலை, கதை கேட்பது. ஆணோடு ஆணாக, பெண்ணோடு பெண்ணாகக் காலம் தள்ளியவர்களைத் தேடிப் போவாள். எப்படி வீடு பார்த்தார்கள், அக்கம்பக்கத்துக்கு என்ன சொன்னார்கள், ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது மற்றவரை உள்ளே விட்டார்களா என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்வாள். கேட்டுவிட்டுத் தானும் ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

புள்ளி, ஊரின் மறுகோடியில் இருக்கும் புள்ளியியல் கல்லூரியில் ஆசிரியை. எண்களைத் தவிர வேறெதையும் லேசில் நம்பாத பிறவி.

"பத்துப் பேர்கிட்டக் கதை கேட்டுட்டு, உலகமே இப்படித்தான்னு எழுதிடுவியா நீ?" என்பாள் புள்ளி.

"உன் அட்டவணைல இதுவரைக்கும் யாராவது அழுதிருக்காங்களா?" என்பாள் கதைக்காரி.

இந்தச் சண்டைக்கு வயது இருபது. தீர்ப்பு வந்தபாடில்லை; வந்துவிட்டால் சாப்பாட்டு மேஜையில் பேச வேறென்ன இருக்கிறது?

இப்படி இருக்கையில்தான் கதைக்காரிக்கு ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்தது. ஆய்விதழ்களில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையை எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். குறை நிறைகளைச் சொல்லும் அந்த இருவர் பெயரும் எழுதியவருக்குத் தெரியாது. இதழாசிரியர் ஒருவருக்குத்தான் எல்லாம் தெரியும். முகமூடி போட்டுக்கொண்டு உண்மை பேசுகிற ஏற்பாடு. முகமூடி இருப்பதால் சில பேர் உண்மையோடு சேர்த்துக் கொஞ்சம் வன்மத்தையும் பேசிவிடுவார்கள். அதிலும் முதல் ஆள் நல்லவராகவும் இரண்டாவது ஆள் கொடுங்கோலராகவும் அமைவது ஏன் என்று யாரும் இதுவரை ஆராயவில்லை.

கதைக்காரி அந்தக் கட்டுரைக்கு இரண்டாவது ஆள்.

'ஒரே கூரை' என்பது அந்தச் சிறப்பிதழின் தலைப்பு. ஆணோடு ஆணாகவும் பெண்ணோடு பெண்ணாகவும் வாழும் பால்புதுமையினரின் வீடுகளைப் பற்றியது. இதழாசிரியர் வேறு ஊர்க்காரர். ஒரு காலத்தில் அவளுக்குக் கீழ் வகுப்பில் படித்தவர். இன்றும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வந்த கட்டுரையோ முழுக்க முழுக்க எண்கள். அரசாங்கத்தின் குடும்பக் கணக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டு, இரத்த உறவு இல்லாத இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் வீடுகளை அரித்தெடுத்திருந்தார் எழுதியவர். அப்படிப்பட்ட வீடுகளில் ஒருவர் குடும்பத் தலைவர் என்றும் மற்றவர் வாடகைக்கு இருப்பவர் என்றும் பதிவாகியிருந்தது. அடுத்தடுத்த கணக்கெடுப்புகளில் அதே இருவர் வேறு வேறு தெருக்களில் சேர்ந்தே தென்பட்டார்கள். 'வாடகைக்கு இருப்பவர், வீட்டுச் சொந்தக்காரர் வீடு மாறும்போது கூடவே மாறுவதில்லை' என்று ஒரு வரி. கதைக்காரிக்கே அந்த வரி பிடித்திருந்தது. ஓரத்தில் ஒரு கோடு போட்டாள்.

அதற்கு அடுத்த பக்கத்தில்தான் அவளுக்குச் சுருக்கென்றது. 'பல நேரங்களில் கணக்கெடுப்பவரிடம் வாசலில் நின்று வாடகைக்கு இருப்பவர் என்ற விடையைச் சொல்பவர், அந்தத் துணையேதான்' என்று எழுதியிருந்தது. ஆதாரம் எதுவும் கொடுக்கப்படவில்லை. கதைக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தான் அழுது அழுது கேட்ட கதைகளையெல்லாம் இந்த ஆள் எண்களால் ஓட்டிவிடப் பார்க்கிறாரே என்று நினைத்தாள். வரிசையாக ஐந்து குறைகள் எழுதினாள். ஐந்தாவது இப்படி இருந்தது:

'தன் துணையை வாடகைக்கு இருப்பவர் என்று துணையே சொல்வார் என்பதற்கு ஆதாரம் எங்கே? மனமார நேசித்த எவரும் வாசலில் நின்று அப்படிச் சொல்லமாட்டார். கட்டுரையாளர் காதலை அட்டவணைகளில் மட்டுமே சந்தித்திருக்கிறார் போலிருக்கிறது.'

கடைசி வாக்கியம் அவளுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. தானே இன்னொரு முறை வாசித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை. ரொட்டியும் தேநீரும் மேஜையில் இருந்தன. புள்ளி மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அவள் அப்படிச் செய்தால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். உங்க ஆளுங்க பத்திரிகைக்கு. வந்த பிறகு காட்டலாம்னு இருந்தேன். இந்தப் பருவத்தோட நான் பணி ஓய்வுல போறேன் இல்லையா? போறதுக்கு முன்னாடி உன் மேஜைல ஒரு தடவயாவது உக்காந்துடணும்னு ஆசை. அந்த 'ஒரே கூரை' இதழ்ல."

கதைக்காரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருபது வருஷம் தன் துறையைக் கிண்டலடித்தவள், போகிற போக்கில் அதற்குள் வந்து ஒரு நாற்காலி கேட்கிறாளே! எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"இரு இரு. மதிப்புரை வந்திருக்கு. முதல் ஆள் தங்கம். ரெண்டாவது ஆள் இருக்கானே..." புள்ளி தொண்டையைக் கனைத்து, பட்டிமன்ற நடுவர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கதைக்காரியின் சொந்த வாக்கியங்கள், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஐந்தாவதை வாசிக்கும்போது மட்டும் அந்தக் கிண்டல் குரல் எங்கேயோ நழுவிப்போய், புள்ளியின் சொந்தக் குரல் வந்துவிட்டது.

"எவனோ கிழவன். ரெண்டு கல்யாணமாவது முறிஞ்சிருக்கும்," என்றாள். "மத்ததெல்லாம் விடு. அஞ்சாவது மட்டும் கொஞ்சம் சுட்டுடுச்சு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? கதைக்காரி நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டு ரொட்டியை மென்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மதிப்பீட்டாளர் தன் பெயரை வெளியிடக் கூடாது என்பது விதி என்று ஞாபகம் வந்தது. விதியைப் போல வசதியான போர்வை கோழைக்கு வேறு கிடையாது. இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இந்த ஆளுக்கு என்ன பதில் எழுதறது? உனக்குத்தான் வழக்கம் தெரியும். சொல்லிக்குடு," என்றாள் புள்ளி.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. தன் கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லும்படி ஆயிற்று கதைக்காரிக்கு.

"முதல்ல நன்றி சொல்லணும். 'மதிப்பீட்டாளரின் கருத்துக்கு நன்றி.' ஒவ்வொரு பதிலும் அப்படித்தான் ஆரம்பிக்கணும்."

"திட்டினவனுக்கு நன்றியா?"

"நன்றி சொல்லிட்டுத்தான் அடிக்கணும். அதுதான் எங்க துறைல மரியாதை."

பிராயச்சித்தமாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ, முதல் நான்குக்கும் கதைக்காரி வெளுத்து வாங்கினாள். இரண்டாவது குறைக்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டால் அதை எழுதிய ஆள் தூக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"அந்த ஆள் மண்டைக்குள்ள புகுந்து பாத்த மாதிரி பேசறியே!" என்று வியந்தாள் புள்ளி.

"எல்லாம் அனுபவம்," என்றாள் கதைக்காரி, ஈனஸ்வரத்தில்.

"சரி, அஞ்சாவத எனக்கு விட்டுடு. நானே எழுதிக்கறேன்."

பதில்கள் ஒரு வெள்ளிக்கிழமை கதைக்காரியின் அலுவலகக் கணினிக்கு வந்து சேர்ந்தன. சுற்றிலும் வழக்கமான இரைச்சல். அச்சு இயந்திரம் தாளைக் கடித்துக்கொண்டது என்று மருத்துவர் கத்திக்கொண்டிருந்தார். கதைக்காரி நேராக ஐந்தாவதுக்குப் போனாள்.

'மதிப்பீட்டாளரின் கருத்துக்கு நன்றி. நேசித்தவர் அப்படிச் சொல்லமாட்டார் என்கிறீர்கள். சொல்வார். சென்ற கணக்கெடுப்பின்போது எங்கள் வீட்டு வாசலிலேயே சொல்லப்பட்டது. நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பது யார் என்று கேட்டார்கள். வாடகைக்கு இருப்பவர் என்று பதில் போனது. கணக்கெடுக்க வந்தவர் போனதும் என் துணை உள்ளே வந்தார். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, வெங்காயம் என்று நினைத்து, கத்தியை வாங்கி மீதியை அவரே நறுக்கினார். நேசிக்காதவர் செய்கிற காரியமா அது? என்னைக் காப்பாற்றத்தான் ஆரம்ப காலத்தில் அப்படிச் சொல்லத் தொடங்கினார். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அன்றைக்குச் சொன்னது இன்று அவருக்கு நினைவுகூட இருக்காது. இதை நான் கட்டுரையில் சேர்க்கவில்லை. ஒரே ஒரு வீட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எங்கள் துறையின் பாலபாடம். தங்கள் தகவலுக்கு மட்டும்.'

நினைவில்லைதான். கதைக்காரி எவ்வளவு துழாவியும் கணக்கெடுக்க வந்தவரின் முகம் வரவில்லை, தான் சொன்ன வார்த்தை வரவில்லை. வெங்காயம் மட்டும் நினைவிருந்தது. பாதி நறுக்கிய வெங்காயமும், "குடு, நான் பாத்துக்கறேன்" என்று பெரிய தியாகி மாதிரி தான் கத்தியை வாங்கியதும்.

ஆரம்ப காலத்துப் பயம் நியாயமான பயம்தான். இப்படி ஒரு பேச்சு கிளம்பியதால் வேலை போனவர்களை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அதனால் வீடு அவள் பெயரில், புள்ளி வாடகைக்கு என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். காலம் மாறியது. பயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மறைந்து வாழ்வதன் வலியைப் பற்றி வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிவிட்டு வீட்டு வாசலில் நின்று பழைய பொய்யைச் சொன்னாள். ஊருக்குத்தான் உபதேசம். அவளுக்குத் தன்மேல் வந்த வெட்கத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன.

பக்கத்தின் அடியில் மூன்று கட்டங்கள் இருந்தன. ஏற்கலாம், திருத்தலாம், மறுக்கலாம். 'ஏற்கலாம்' என்பதைத் தொட்டால் போதும். கட்டுரை சிறப்பிதழில் வந்துவிடும். புள்ளியின் ஆசை நிறைவேறும். இரண்டாவது ஆள் யார் என்பது எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. கை அந்தக் கட்டம்வரைக்கும் போய்விட்டது. தொட்டிருந்தால், வாசலில் சொன்னதையே இன்னொரு முறை சொன்னதாகியிருக்கும். சொல்லிவிட்டாலோ, உறவுக்காரர் கட்டுரையை மதிப்பிடக் கூடாது என்பதால் வேறு ஆளைத் தேட வேண்டும்; கட்டுரை சிறப்பிதழிலிருந்து விழும். புள்ளிக்கு எது பெரிது? இருபது வருஷம் கூட இருந்தும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத தன்னை நொந்துகொண்டு, கதைக்காரி தொலைபேசியோடு தாவரவியல் துறைத் தோட்டத்துக்குப் போனாள்.

"சொல்லுங்கக்கா," என்றார் இதழாசிரியர்.

"தம்பி, அந்தக் கணக்கெடுப்புக் கட்டுரைய நான் பாத்திருக்கக் கூடாது. எழுதினவங்கள எனக்குத் தெரியும். முதல்ல தெரியாது. இப்போ தெரியும்."

"அட, தெரியும்னா எந்த அளவுக்கு? ஏதாவது கருத்தரங்குல பாத்திருப்பீங்க. அதெல்லாம் பரவால்லக்கா, சும்மா அறிமுகம்னு குறிச்சுக்கறேன். இப்போ போய் ஆள மாத்தினா இதழுக்கு நேரம் கிடையாது."

தப்பிக்க ஒரு வாசலை அவரே திறந்துவிட்டார். பாவம், நல்ல மனுஷன்.

"அறிமுகம் இல்ல."

"கூட வேலை பாத்தவங்களா? உறவா?"

"உறவு."

"என்ன உறவுக்கா?"

இந்த ஒரு கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டு, பதில் சொல்லும்போது அவர்கள் குரல் எப்படி நடுங்குகிறது என்று புத்தகமே எழுதியவள் அவள். இப்போது அதே கேள்வி அவளிடம் வந்திருந்தது.

"நானும் அவளும் குடும்பம் நடத்துறோம் தம்பி. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

மறுமுனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா... அப்போ அந்த 'அட்டவணைகளில் மட்டுமே சந்தித்திருக்கிறார்'..."

"ஆமா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்கக்கா. ரொம்ப சந்தோஷம், இத என்கிட்டச் சொன்னதுக்கு. ஆனா சிறப்பிதழ்ல வராது. புது ஆளப் பாத்து அனுப்பணும், நல்லபடியா முடிஞ்சா அதுக்கப்புறம் ஒரு சாதாரண இதழ்ல வரும். நீங்க சொன்ன காரணத்த எழுத்துல ஒரு வரி அனுப்பிடுங்க," என்றார். வைக்கப்போனவர் நிறுத்தினார். "சொல்லக் கூடாதுதான். உங்களுக்கு அனுப்பின பிரதில நன்றியுரைய எடுத்துட்டோம். அதுல 'நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு நன்றி'ன்னு மட்டும் போட்டிருந்தாங்க. இது என்னடா கூத்துன்னு நெனச்சேன். அது நீங்கதானா?"

"நான்தான் தம்பி," என்று சொல்லி வைத்தாள் கதைக்காரி. தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயை வைத்துக்கொண்டு அவளையே பார்த்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த ஒரு வரியை எழுத அவளுக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் விடுமுறை. மொட்டை மாடியில் காய்ந்த போர்வைகளை இருவரும் மடித்தார்கள். இது அவர்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து சேர்த்து, மறுபடி விலக வேண்டும். மூலைக்கு மூலை பொருந்தாவிட்டால் புள்ளி பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"அந்த ரெண்டாவது ஆள் நான்தான்," என்றாள் கதைக்காரி. போர்வை கையில் இருப்பதால் புள்ளியால் உடனே எழுந்துபோக முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னாள்.

புள்ளிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "காதலை அட்டவணைகளில் மட்டுமே..."

"நான்தான்."

"இருபது வருஷம் என்கூட இருந்துட்டு?"

"உன்னதுன்னு தெரியாது. அன்னைக்கு நீ மேஜைல வாசிச்சப்போதான் தெரிஞ்சது. அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"ரெண்டு கல்யாணம் முறிஞ்ச கிழவன்னு சொன்னேனே, ஒரு வார்த்த சொன்னியா? கூடவே உக்காந்து ரொட்டி தின்னியே!" புள்ளி போர்வையை வெடுக்கென்று இழுத்தாள். மறுமுனையைக் கதைக்காரி விடவில்லை. அப்புறம் புள்ளியின் முகம் மாறியது. "அஞ்சாவது பதில்... படிச்சியா?"

"படிச்சேன்."

"அது உனக்கு எழுதல. முகம் தெரியாத ஒரு ஆளுக்கு எழுதினேன். உனக்குன்னா எழுதியிருக்கவே மாட்டேன்."

"தெரியும்டி. அந்த வார்த்த எனக்கு ஞாபகமே இல்ல. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது." கதைக்காரி மூச்சை இழுத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். "உன் கட்டுரை சிறப்பிதழ்ல வராது. நான் கெடுத்துட்டேன். இதழாசிரியர் தம்பிகிட்ட நான் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"என்ன காரணம் சொன்ன?"

"நாம குடும்பம் நடத்துறோம்னு சொன்னேன்."

காற்றில் போர்வை உப்பியது. புள்ளி அதை அமுக்கவில்லை.

"வாயாலயா?" என்றாள்.

"முதல்ல வாயால. அப்புறம் எழுத்துல கேட்டாங்க. எழுத்துலயும் குடுத்துட்டேன்."

வாயால் சொல்வதையெல்லாம் தகவலாகவே சேர்க்காதவள் புள்ளி. "எழுத்துலயா," என்று மெல்லக் கேட்டாள். நடந்து வந்தாள். மூலைகள் பொருந்தவே இல்லை. ஒரு பக்கம் ஒரு முழம் தொங்கியது. அவள் அதைப் பார்க்கவும் இல்லை. போர்வையோடு சேர்த்துக் கதைக்காரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இதழ் போனாப் போகுது," என்றாள் கடைசியில். "நன்றியுரைய மாத்தணும்."

"என்னன்னு மாத்தப் போற?"

"வந்தாப் பாரு."

அடுத்த ஆண்டு, தலைப்பும் சிறப்பும் இல்லாத ஒரு சாதாரண இதழில், மகப்பேறு விடுப்பைப் பற்றியும் விவாகரத்துச் சட்டத்தைப் பற்றியும் வந்த கட்டுரைகளுக்கு நடுவே, புள்ளியின் கட்டுரை வந்தது. கதைக்காரி அட்டவணைகளையெல்லாம் தள்ளிக்கொண்டு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். 'இக்கட்டுரையின் முதல் வடிவத்தைக் கடுமையாகக் கண்டித்த இரண்டாவது மதிப்பீட்டாளருக்கும், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என்னோடு குடும்பம் நடத்திவரும் என் துணைக்கும் நன்றி. இருவரும் ஒரே ஆள்தான்' என்று அச்சாகியிருந்தது.

அதை அவள் சத்தம்போட்டு வாசித்தாள். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த புள்ளி, "கேக்கல, இன்னொரு தடவ வாசி," என்றாள்.